முனையில்லாத ஆர்.என்.ஏ: வைரஸ் வரும்போது என்ன செய்கிறது?

வட்ட ஆர்.என்.ஏ பற்றி வந்த கேள்விகளில், பிறவியிலேயே நமக்கு அமைந்த நோயெதிர்ப்போடு தொடர்புள்ளவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் அனுப்பியவை பின்பாதியில் வருகின்றன. அந்த வேலையில் இல்லாதவர்கள் அவற்றைத் தாண்டிப் போகலாம், நட்டமில்லை.

ஆர்.என்.ஏ என்றால் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உள்ள இழை என்றுதான் படித்திருக்கிறோம். அது வட்டமாவது எப்படி? செல் செய்யும் பிழை என்று சிலர் சொல்வது சரியா?
– விலங்கியல் மாணவி, திருநெல்வேலி

மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ-வில் எக்ஸான் என்ற வேண்டிய பகுதிகளும் இன்ட்ரான் என்ற இடைப்பகுதிகளும் மாறி மாறி வரும். இன்ட்ரானை வெட்டி எறிந்துவிட்டு, முதல் எக்ஸானை இரண்டாவதோடும் இரண்டாவதை மூன்றாவதோடும் ஒட்டுவது வாடிக்கையான வேலை. சில நேரம் மூன்றாம் எக்ஸானின் வால் முன்னே போகாமல் பின்னால் திரும்பி, இரண்டாம் எக்ஸானின் தலையில் ஒட்டிக்கொள்கிறது. இதுதான் பின்னொட்டு. இரண்டு எக்ஸானும் சேர்ந்து ஒரு மூடிய வளையமாகிவிடும்.

இப்படித் திரும்ப வேண்டுமானால் அந்த இரண்டு முனைகளும் அருகருகே வர வேண்டும். எக்ஸான்களுக்கு இருபுறமும் உள்ள இன்ட்ரான்களில் ஒன்றோடொன்று இணைசேரும் வரிசைகள் இருந்தால் அது நடக்கும். மனிதரில் ஆலு என்ற திரும்பத் திரும்ப வரும் வரிசைகள், எதிரெதிர்த் திசையில் அமைந்த இடங்களில் இந்த வேலையைச் செய்கின்றன. க்யூ.கே.ஐ போன்ற புரதங்கள் முனைகளை இழுத்துச் சேர்க்கின்றன. அடார்-1, டி.எச்.எக்ஸ்-9 போன்றவை அந்த இணைப்பைத் தளர்த்தி வட்டமாவதைக் குறைக்கின்றன.

வட்ட ஆர்.என்.ஏ புதிய செய்தி அல்ல. தாவரங்களைத் தாக்கும் வைராய்டுகளின் மரபுப்பொருள் மூடிய வளையம் என்று 1976-இல் தெரிந்தது. 1979-இல் மின்னணு நுண்ணோக்கியில் விலங்குச் செல்லின் சைட்டோபிளாசத்திலும் வளையங்கள் தென்பட்டன. 1991-இல் டி.சி.சி மரபணுவில் எக்ஸான்கள் வரிசை மாறிக் கிடப்பதைப் பார்த்தார்கள். 1993-இல் எலியின் விந்தகத்தில் எஸ்.ஆர்.ஒய் மரபணுவின் வட்ட வடிவம் வந்தது. அதற்குப் பிறகும் ஏறக்குறைய 20 ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. காரணம் சாதாரணமானது: ஆர்.என்.ஏ-வை வாசிக்கும்போது ஏ-வால் (முடிவில் ஏ எழுத்துகள் வரிசையாக நிற்கும் பகுதி) உள்ள இழைகளை மட்டும் பொறுக்கி எடுப்பது வழக்கம். வட்டத்துக்கு வால் கிடையாது, அதனால் அது வடிகட்டும்போதே போய்விட்டது. வாலைப் பார்க்காமல், ரைபோசோமின் (புரதம் செய்யும் இயந்திரம்) ஆர்.என்.ஏ-வை மட்டும் நீக்கிவிட்டு வாசித்த 2012, 2013 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன.

பிழையா என்றால், பாதி உண்மை. பெரும்பாலான வட்டங்கள் மிகக் குறைந்த எண்ணிக்கையில்தான் உள்ளன. அவற்றில் பல ஒட்டும் இயந்திரத்தின் சறுக்கலாகவே இருக்கலாம். ஆனால் வட்டத்துக்கு முனை இல்லை. முனையிலிருந்து கடித்துத் தின்னும் நொதிகள் அதைத் தொட முடியாது. புரதத்துக்கான செய்முறையைச் சுமக்கும் சாதாரண தூது ஆர்.என்.ஏ சில மணி நேரத்தில் அழியும்போது, பல வட்டங்கள் ஒன்றிரண்டு நாள் தங்குகின்றன. பிறக்கும் வேகம் குறைவாக இருந்தாலும் சாகாததால் சேர்ந்துகொண்டே போகின்றன. நோயெதிர்ப்பில் அவற்றின் முக்கிய வேலைக்குத் தனித்தனி வட்டத்தின் வரிசை முக்கியமில்லை, மொத்தக் கூட்டம்தான் முக்கியம். பிழையாகப் பிறந்தவையும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுகின்றன.

வைரஸ் தொற்றும்போது வட்ட ஆர்.என்.ஏ கூடுமா, குறையுமா? அது நம்மைக் காப்பாற்றுகிறதா?
– மருத்துவ மாணவர், சேலம்

குறைகிறது, அதுவும் வேகமாக. குறைவதுதான் செல்லுக்கு நன்மை. இந்த இடத்தில்தான் பலருக்குக் குழப்பம் வருகிறது.

பி.கே.ஆர் என்ற புரதத்திலிருந்து தொடங்க வேண்டும். இரட்டை இழை ஆர்.என்.ஏ-வைக் கண்டால் விழித்துக்கொள்ளும் நொதி அது. வைரஸ் பெருகும்போது நீளமான இரட்டை இழைகள் உண்டாகின்றன. பி.கே.ஆர் விழிக்க, அதன் இரண்டு மூலக்கூறுகள் ஒரே இழையின்மேல் அமர்ந்து ஒன்றையொன்று தூண்ட வேண்டும். அதற்குச் சுமார் 33 எழுத்து இணைகளாவது நீளம் வேண்டும். விழித்த பி.கே.ஆர், இ.ஐ.எஃப்-2 ஆல்ஃபா என்ற காரணியின் 51-ஆம் செரினில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. உடனே புரத உற்பத்தி தொடங்குவதே நின்றுபோகிறது. வைரஸின் புரதமும் நிற்கும், செல்லின் புரதமும் நிற்கும். தொற்று இல்லாத நேரத்தில் இது நடந்தால் செல்லுக்கே ஆபத்து.

ஷாங்காயில் லிங்-லிங் சென் அவர்களின் ஆய்வுக்குழு 2019-இல் வெளியிட்டது இதுதான்: செல்லின் வட்ட ஆர்.என்.ஏ-க்களில் பல, தம்மைத் தாமே மடித்துக்கொண்டு 16 முதல் 26 இணைகள் கொண்ட, அங்கங்கே பொருந்தாத சிறு இரட்டை இழைகளை உண்டாக்குகின்றன. பி.கே.ஆர் அதில் ஒட்டும். ஆனால் துணைக்கு இன்னொன்று வந்து அமர இடம் போதாது. பூட்டுக்குள் நுழைந்தும் திரும்பாத சாவி மாதிரி. அமைதிக்காலத்தில் பி.கே.ஆர் இப்படித்தான் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. தூது ஆர்.என்.ஏ-விலும் இத்தகைய மடிப்புகள் வரும், ஆனால் ரைபோசோம் அதன் மேல் ஓடும்போது பிரிந்துபோகும். வட்டங்களில் பெரும்பாலானவற்றின் மேல் ரைபோசோம் ஓடுவதில்லை, மடிப்பு கலைவதில்லை.

தொற்று வந்ததும் நடப்பதைப் பாருங்கள். இரட்டை இழையைக் கண்ட ஓ.ஏ.எஸ் நொதிகள், 2-5ஏ என்ற சிறு மூலக்கூறைத் தயாரிக்கின்றன. அது ஆர்.என்.ஏஸ்-எல் நொதியை இரண்டிரண்டாகச் சேர்த்து இயக்குகிறது. ஆர்.என்.ஏஸ்-எல் முனையைத் தேடுவதில்லை, நடுவில் வெட்டும். ஒற்றை இழையாக இருக்கும் இடத்தில் இரண்டு யூ எழுத்துகளோ, ஒரு யூ-வும் அதன்பின் ஓர் ஏ-வுமோ அடுத்தடுத்து வந்தால் போதும். வட்டத்தில் ஒரே ஒரு வெட்டு விழுந்தால் அது முனையுள்ள இழையாகிவிடும், மிச்சத்தை மற்ற நொதிகள் பார்த்துக்கொள்ளும். வட்டங்கள் கூட்டமாக அழிகின்றன, பி.கே.ஆர் விடுதலையாகிறது.

அழிந்ததை உடனே நிரப்பவும் வழியில்லை. இதே குழு 2017-இல் காட்டியபடி, வட்டமாவதற்கு உதவும் என்.எஃப்-90, என்.எஃப்-110 ஆகிய புரதங்கள் தொற்றின்போது உட்கருவை விட்டு வெளியே வந்துவிடுகின்றன. சைட்டோபிளாசத்தில் வட்டங்களோடு ஒட்டியிருந்தவையும் விடுபட்டு, வைரஸின் தூது ஆர்.என்.ஏ-வைப் பிடித்துத் தடுக்கின்றன. உற்பத்தி நிற்பதும் இருப்பு அழிவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

ஆகவே "வட்ட ஆர்.என்.ஏ எதிர்ப்பைக் கூட்டும்" என்று பொதுவாக எழுதுவது சரியல்ல. மொத்தமாகப் பார்த்தால் அது எதிர்ப்புக்குத் தடை.

என் தங்கைக்கு லூபஸ் (எஸ்.எல்.இ). அவளுடைய ரத்தத்தில் வட்ட ஆர்.என்.ஏ குறைவாக இருக்கும் என்று படித்தேன். அதற்குப் பரிசோதனையோ மருந்தோ இருக்கிறதா?
– வாசகி, காரைக்குடி

நீங்கள் படித்தது மேலே சொன்ன 2019 ஆய்வின் ஒரு பகுதி. லூபஸ் (நோயெதிர்ப்பு சொந்த உடலையே தாக்கும் நோய்) நோயாளிகளின் ரத்த வெள்ளணுக்களில் வட்டங்கள் குறைந்திருந்தன, ஆர்.என்.ஏஸ்-எல், பி.கே.ஆர் இரண்டும் தேவையில்லாமல் விழித்திருந்தன. இரட்டை மடிப்புள்ள ஒரு வட்டத்தை அந்தச் செல்களில் கூட்டியபோது பி.கே.ஆர் அடங்கியது. ஆனால் இது ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்களில் கிடைத்த முடிவு. உங்கள் தங்கைக்கு எடுக்க வேண்டிய பரிசோதனையாகவோ வாங்க வேண்டிய மருந்தாகவோ அது இன்னும் மாறவில்லை. அந்தப் பெயரில் யாராவது பரிசோதனை செய்து தருவதாகச் சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மருத்துவர் பார்ப்பது வேறு: ஏ.என்.ஏ (செல்லின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடி), இரட்டை இழை டி.என்.ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடி, சி-3, சி-4 என்ற நோயெதிர்ப்புப் புரதங்களின் அளவுகள், சிறுநீரில் புரதம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுத்திருந்தால், அதுவும் ஒரு வகையில் இதே கதையைச் சேர்ந்ததுதான். செல்லின் உட்பைகளில் அமர்ந்து ஆர்.என்.ஏ, டி.என்.ஏ-வைக் கண்காணிக்கும் டி.எல்.ஆர்-7, டி.எல்.ஆர்-9 ஏற்பிகளின் தூண்டலை அது குறைக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுப்பது கண்ணுக்குப் பாதுகாப்பு. தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு விழித்திரைப் பரிசோதனையும், 5 ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் தேவை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இன்னும் முன்னதாகவே தொடங்கச் சொல்வார்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையைத் தானாக நிறுத்தினால் நோய் மீண்டும் கிளம்பும்.

நம் செல்லுக்குள்ளேயே வட்டங்கள் நிறைய இருக்கும்போது, வெளியிலிருந்து வரும் வட்டத்தை மட்டும் அந்நியம் என்று எப்படி அடையாளம் காண்கிறது?
– ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், தஞ்சாவூர்

இதில் அறிஞர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை.

ஒரு கட்சி, அப்போது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஹோவர்ட் சாங்கின் குழு. 2017-இல் அவர்கள், டி-4 பேஜ் என்ற, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின், தானே வெட்டி ஒட்டிக்கொள்ளும் இன்ட்ரானைக் கொண்டு வட்டமாக்கிய ஆர்.என்.ஏ-வை மனிதச் செல்லில் செலுத்தினார்கள். ரிக்-ஐ என்ற உணரி விழித்து, வைரஸ் எதிர்ப்பு மரபணுக்கள் எழுந்தன. அதே வட்டத்தை மனித மரபணுவின் இன்ட்ரான்கள் வழியாகச் செல்லுக்குள்ளேயே உண்டாக்கியபோது சத்தமே இல்லை. வரிசை ஒன்றுதான், பிறந்த வழி வேறு. 2019-இல் அதற்கு விளக்கம் கொடுத்தார்கள்: சொந்த வட்டம் பிறக்கும்போதே அடினின்மேல் எம்-6-ஏ என்ற மெத்தில் முத்திரை விழுகிறது, ஒய்.டி.எச்.டி.எஃப்-2 புரதம் அதைப் படித்து "இது நம்முடையது" என்று அடக்குகிறது. முத்திரை இல்லாத வட்டம் ரிக்-ஐ-யைத் தூண்டுகிறது.

எதிர்க்கட்சி, எம்.ஐ.டி-யின் டேனியல் ஆண்டர்சன் குழு. அவர்கள் அதே 2019-இல், முத்திரை எதுவும் இல்லாத வட்டத்தையே ஹெச்.பி.எல்.சி (கலவையைப் பிரித்தெடுக்கும் முறை) மூலம் நன்றாகச் சுத்தம் செய்து செலுத்தினால் எதிர்ப்பு எழவில்லை என்றார்கள். அவர்கள் வாதத்துக்கு வலு உண்டு. ரிக்-ஐ-க்கு மிகப் பிடித்த இலக்கு, மூன்று பாஸ்பேட் தொங்கும் 5 பிரைம் முனை, அதாவது இழையின் தொடக்க முனை. வட்டத்துக்கு அந்த முனையே கிடையாது. ஆனால் வட்டமாகாமல் மிஞ்சிய நேர் இழைகளுக்கு உண்டு. மருந்துப் புட்டியில் அவை சிறிதளவு கலந்திருந்தாலும் போதும்.

2022-இல் ஷாங்காய் குழு மூன்றாவது கோணத்தைச் சேர்த்தது. பேஜ் இன்ட்ரானோ அனபீனா பாசியின் இன்ட்ரானோ கொண்டு வட்டமாக்கும்போது அவற்றின் எக்ஸான் துண்டுகள் வட்டத்துக்குள் மிஞ்சிவிடுகின்றன. அந்தத் துண்டு வட்டத்தின் இயல்பான மடிப்பைக் கெடுக்கிறது, கெட்ட மடிப்பு எதிர்ப்பைத் தூண்டுகிறது. டி-4 லிகேஸ் என்ற ஒட்டும் நொதியால் ஒட்டி, மிச்சத் துண்டு இல்லாமல் செய்த வட்டம் மிகக் குறைவாகவே தூண்டியது.

எங்கள் எண்ணத்தில், முரண்பட்ட முடிவுகளில் பெரும்பகுதியை அசுத்தமும் மடிப்பும் சேர்ந்து விளக்கிவிடும். முத்திரைக் கருத்தைத் தள்ளிவிட முடியாது, ஆனால் அது ஒன்றே போதும் என்றும் தோன்றவில்லை. இந்தத் துறையில் எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முடிவுரைக்கு முன்னால் செய்முறையைப் பாருங்கள்: எந்த வழியில் வட்டமாக்கினார்கள், எப்படிச் சுத்தம் செய்தார்கள், எந்தச் செல்லில் சோதித்தார்கள்.

வட்ட ஆர்.என்.ஏ தடுப்பூசி வந்தால் பூஸ்டரே வேண்டாமாமே?
– வாசகர், ஈரோடு

அப்படிச் சொல்ல முடியாது. வட்டம் செல்லில் அதிக நாள் தங்கிப் புரதம் செய்யும் என்பது ஒன்று. நோயெதிர்ப்பு நினைவு எத்தனை ஆண்டு நிற்கும் என்பது வேறு. நினைவு பி, டி செல்களின் வேலை.

பீக்கிங் பல்கலைக்கழகக் குழு 2022-இல் கொரோனா ஸ்பைக் புரதத்தின் ஒரு பகுதியை வட்டத்தில் வைத்து எலிகளுக்கும் ரீசஸ் குரங்குகளுக்கும் கொடுத்து நல்ல எதிர்ப்பைப் பெற்றது. தூது ஆர்.என்.ஏ-வின் தலையில் ரைபோசோமை ஏற்ற உதவும் தொப்பி வட்டத்துக்குக் கிடையாது. ஆகவே ரைபோசோமை நடுவில் ஏற்றிவிட காக்சாக்கி பி-3 போன்ற வைரஸ்களின் ஐரெஸ் வரிசையைச் செருகுகிறார்கள். கொரோனா எம்.ஆர்.என்.ஏ ஊசிகளில் எதிர்ப்பைத் தணிக்கப் போட்ட மெத்தில்-சூடோயூரிடின் இங்கே உதவாது, வட்டமாக்கும் இன்ட்ரானும் ஐரெஸ்ஸும் அதனால் சரியாக மடிவதில்லை.

தடுப்பூசியில் பிறவி எதிர்ப்பு கொஞ்சம் விழிப்பதும் தேவைதான். அதை அடியோடு அடக்குவது நோக்கமானால் வேறு மருந்து: பி.கே.ஆர்-ஐக் கட்டும் சிறு வட்டங்களைச் சொரியாசிஸ் உண்டாக்கிய எலிகளில் ஷாங்காய் குழு சோதித்து அழற்சி குறைவதைக் காட்டியிருக்கிறது.

வட்டங்களின் வேலை பி.கே.ஆரோடு முடிந்துவிடுகிறதா?
– முதுகலை மாணவர், புதுச்சேரி

இல்லை. எலும்பு மஜ்ஜையில் நெடுநாள் உறங்கும் ரத்த ஸ்டெம் செல்களின் உட்கருவில் சியா-சிகாஸ் என்ற வட்டம் நிறைய இருக்கிறது. டி.என்.ஏ-வைக் கண்டால் ஸ்டிங் என்ற புரதத்தின் வழியாக, வைரஸ் எதிர்ப்பை அறிவிக்கும் இன்டர்ஃபெரானை எழுப்பும் சி-காஸ் நொதியை அது இறுகப் பிடித்துக்கொள்கிறது, செல்லின் சொந்த டி.என்.ஏ-வைவிட இறுக்கமாக. இந்த வட்டம் இல்லாத எலிகளில் மஜ்ஜையில் இன்டர்ஃபெரான் கூடி, ஸ்டெம் செல்கள் உறக்கம் கலைந்து தீர்ந்துபோகின்றன. 2018-இல் வந்த முடிவு.

வைரஸ்களும் சும்மா இல்லை. எப்ஸ்டீன்-பார் வைரஸ், ஹெச்.பி.வி-16 ஆகியவை தங்கள் மரபணுக்களிலிருந்தே வட்டங்கள் செய்கின்றன; ஹெச்.பி.வி-யின் இ-7 வட்டம் புற்றுப் புரதத்தையும் தயாரிக்கிறது. டெல்டா ஹெபடைட்டிஸ் வைரஸுக்கோ மரபுப்பொருளே சுமார் 1,700 எழுத்துகள் கொண்ட வட்ட ஆர்.என்.ஏ.

எங்கள் வட்ட ஆர்.என்.ஏ ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ-வை உறிஞ்சி இன்டர்ஃபெரானைக் கூட்டுகிறது என்று எழுதலாமா? மென்பொருள் 3 பிணைப்பிடங்களைக் காட்டுகிறது.
– ஆய்வு மாணவி, சென்னை

மூன்று இடங்களை வைத்து எழுத வேண்டாம். மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது தூது ஆர்.என்.ஏ-வில் ஒட்டி அதை அடக்கும் சிறு இழை; வட்டம் அதைப் பிடித்துவைத்து வேலை செய்யவிடாமல் தடுப்பதைத்தான் உறிஞ்சுவது என்கிறார்கள். உறிஞ்சும் வட்டம் என்று எல்லோரும் காட்டும் சி.டி.ஆர்-1-ஏ.எஸ்-இல் மிர்-7 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ-வுக்கு 70-க்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன, அதுவே விதிவிலக்கு. முதலில் எண்ணுங்கள். ஒரு செல்லில் வட்டம் எத்தனை, மைக்ரோ ஆர்.என்.ஏ எத்தனை, அதே மைக்ரோ ஆர்.என்.ஏ-வைப் பிடிக்கும் மற்ற இலக்குகள் எத்தனை? வட்டம் 10, மைக்ரோ ஆர்.என்.ஏ 5,000 என்றால் அங்கே உறிஞ்ச ஒன்றுமில்லை. அளவு தெரிந்த செயற்கை ஆர்.என்.ஏ-வை வைத்து வரைகோடு போட்டு, செல் எண்ணிக்கையால் வகுத்தால் இது ஒரு நாள் வேலை.

வட்டத்தைக் குறைத்துப் பார்ப்பதிலும் பொறி உண்டு. பின்னொட்டின் மேல் 21 எழுத்து எஸ்.ஐ.ஆர்.என்.ஏ-வை (குறித்த ஆர்.என்.ஏ-வை அழிக்கச் செலுத்தும் சிறு இழை) வைக்க இடம் மிகக் குறைவு. அதன் இரு பாதியும் தாய் மரபணுவின் நேர் இழையோடு பொருந்தும். இடம் சற்றுத் தள்ளிய இரண்டு எஸ்.ஐ.ஆர்.என்.ஏ-வாவது வேண்டும், நேர் இழை குறையவில்லை என்று ஒவ்வொரு முறையும் காட்ட வேண்டும். இன்டர்ஃபெரானை அளக்கும் சோதனையில் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ-வே ஓர் இரட்டை இழை என்பதை மறக்கக் கூடாது. வட்டத்தைக் கூட்டப் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமந்து செல்லும் டி.என்.ஏ) போட்டால் அந்த டி.என்.ஏ-வே சி-காஸைத் தூண்டும். பின்னொட்டு நடக்காதபடி இன்ட்ரானின் இணைவரிசையை வெட்டிய அதே பிளாஸ்மிட்தான் சரியான ஒப்பீடு, வெற்றுப் பிளாஸ்மிட் அல்ல.

பாலி ஐ:சி கொடுத்த செல்களில் எங்கள் வட்டம் 4 மடங்கு கூடியதாக க்யூ.பி.சி.ஆர் காட்டுகிறது. எல்லா வட்டமும் குறையும் என்கிறார்களே. ஆர்.என்.ஏஸ்-ஆர் போட்டபின் ஜி.ஏ.பி.டி.எச் காணாமல் போகிறது, எதை வைத்து ஒப்பிடுவது?
– ஆய்வு மாணவர், கோவை

உங்கள் 4 மடங்கை முதலில் சந்தேகிக்க வேண்டும். பாலி ஐ:சி (வைரஸைப் போல நடிக்கும் செயற்கை இரட்டை இழை) ஆர்.என்.ஏஸ்-எல்-ஐ எழுப்புகிறது, அது ஒப்பீட்டுக்கு வைக்கும் ஜி.ஏ.பி.டி.எச், ஆக்டின் உள்ளிட்ட ஏராளமான தூது ஆர்.என்.ஏ-க்களையும் நறுக்கித் தள்ளுகிறது. வகுக்கும் எண் சுருங்கினால் விடை பெருக்கும். வட்டம் பாதியாகக் குறைந்து, ஜி.ஏ.பி.டி.எச் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தாலும் உங்கள் தாளில் "4 மடங்கு" என்றுதான் வரும். ரைபோசோம் ஆர்.என்.ஏ-வும் இதே நொதியால் வெட்டப்படுவதால் அதிலுள்ள 18-எஸ் கூடப் பாதுகாப்பான துணை அல்ல. பயோஅனலைசரில் தரம் குறைந்து, வாடிக்கையான துண்டுகள் தெரிந்தால் உங்கள் கைப்பிழை என்று மாதிரியைத் தூக்கி எறிய வேண்டாம், அது ஆர்.என்.ஏஸ்-எல் வேலை செய்ததற்கு அடையாளம்.

வழி: செல்களை எண்ணி, ஒவ்வொரு மாதிரியிலும் ஒரே எண்ணிக்கையை எடுங்கள். செல்லை உடைக்கும் திரவத்திலேயே, மனிதச் செல்லில் இல்லாத ஒரு செயற்கை ஆர்.என்.ஏ-வை (பூச்சியின் லூசிஃபெரேஸ் போல) தெரிந்த அளவில் சேருங்கள். ஒப்பீடு அதோடுதான். ஆர்.என்.ஏஸ்-எல் நீக்கிய செல்லிலும் ஒருமுறை செய்துபார்த்தால் சந்தேகம் தீரும்.

ஆர்.என்.ஏஸ்-ஆர் முனையிலிருந்து தின்னும் நொதி. அந்தச் சோதனை வேறு கேள்விக்கு: இது வட்டம்தானா என்பதற்கு. ஒரே ஆர்.என்.ஏ-வை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் மைக்ரோகிராமுக்கு 3 யூனிட் நொதி, மற்றதில் நொதி தவிர எல்லாம். இரண்டும் 37 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம். நேரத்தை நீட்டினால் மக்னீசியமும் சூடும் சேர்ந்து வட்டத்தையே உடைக்கும், நீளமான வட்டங்கள் முதலில் போகும். முடிந்ததும் அந்தச் செயற்கை ஆர்.என்.ஏ-வைச் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள். அடுத்த படியில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்: நானோடிராப்பில் அளந்து இரண்டிலிருந்தும் சம எடை எடுக்கிறார்கள். நொதி போட்ட குழாயில் பெரும்பகுதி போய்விட்டது; சம எடை என்றால் வட்டத்தைச் செயற்கையாகக் கூட்டியதாகிவிடும். சம கனஅளவு எடுங்கள்.

நேர் இழையிலும் ஜி-நான்கிழை முடிச்சு உள்ளவை நொதிக்கு வளையாமல் நின்று வட்டம் போல நடிக்கும். பஃபரில் பொட்டாசியத்துக்குப் பதில் லித்தியம் போட்டால் அந்த முடிச்சு தளரும்.

பிரைமர்கள் முதுகு காட்டி நிற்பவையாக, 80 முதல் 150 எழுத்துத் துண்டு தருபவையாக இருக்கட்டும். பின்னொட்டின் மேலேயே பிரைமரை வைக்காதீர்கள். வைத்தால் ஒட்டின் வரிசையை சேங்கர் முறையில் படித்துக் காட்ட முடியாது. மரபணு டி.என்.ஏ-வில் அதே பிரைமர்கள் எதையும் தரக்கூடாது. எதிர்ப்படியெடுக்கும் நொதி ஓர் இழையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பொய்யான ஒட்டையும் உண்டாக்கும். வேறு நிறுவன வகை நொதி ஒன்றிலும் அதே துண்டு வருகிறதா பாருங்கள். வழக்கின் இறுதித் தீர்ப்பு, ஆர்.என்.ஏ-வை ஜெல்லில் அளவுப்படி பிரித்து நேரடியாகப் பார்க்கும் நார்தர்ன் பிளாட்டிடம்தான், பிடிக்காவிட்டாலும்.

வட்ட ஆர்.என்.ஏ தயாரித்து ஏ-549 செல்லில் செலுத்தினால் இன்டர்ஃபெரான் பீட்டா எகிறுகிறது. வட்டமே தூண்டுகிறதா, எங்கள் தயாரிப்பில் கோளாறா?
– ஆய்வாளர், பெங்களூரு

பெரும்பாலும் தயாரிப்பு. குழாயில் ஐந்து பொருள்கள் இருக்கின்றன: வட்டம், வட்டமாகாத முன்னிழை, வெட்டுப்பட்ட இன்ட்ரான் துண்டுகள், உடைந்த வட்டம், டி-7 நொதி பின்திரும்பிப் படியெடுத்ததால் உண்டான இரட்டை இழை. இவற்றில் முன்னிழையும் இன்ட்ரான் துண்டுகளும் மூன்று பாஸ்பேட் சுமப்பவை.

அனபீனா இன்ட்ரான் முறையில், படியெடுத்து டி.என்.ஏஸ் போட்டபின், 70 டிகிரியில் 5 நிமிடம், பனியில் 3 நிமிடம், பிறகு ஜி.டி.பி 2 மில்லிமோலார் ஆகும்படி மக்னீசிய பஃபரோடு சேர்த்து 55 டிகிரியில் 8 நிமிடம். அதிக நேரம் விட்டால் வட்டம் கூடுவதைவிட உடைவது கூடும். வடிகட்டும் காலம் (column) மூலம் சுத்தம் செய்து, 65 டிகிரியில் 3 நிமிடம் விரித்து, பனியில் வைத்து, 20 மைக்ரோகிராமுக்கு 20 யூனிட் ஆர்.என்.ஏஸ்-ஆர் 37 டிகிரியில் 15 நிமிடம். இது உடைந்த வட்டத்தையும் முன்னிழையில் பெரும்பகுதியையும் தின்றுவிடும். இரட்டை இழையையும் இறுகிய இன்ட்ரான் துண்டையும் நம்பத்தகுந்தபடி தின்னாது. ஆர்.என்.ஏஸ்-ஆர் மட்டும் போதும் என்று நின்றவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

அதன்பின் அளவுப்பிரிப்பு ஹெச்.பி.எல்.சி. உடைந்த வட்டமும் முழு வட்டமும் அடுத்தடுத்து வரும் என்பதால் உச்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுங்கள், ஓரத்துக்கு ஆசைப்படாதீர்கள். மூன்று பாஸ்பேட்டைப் பாஸ்பட்டேஸ் கொண்டு எடுக்கலாம். இரட்டை இழைக்கு, 16 சதவீத எத்தனால் கலந்த பஃபரில் செல்லுலோஸ் தூளோடு கலக்கினால் அது தூளில் ஒட்டிக்கொள்ளும், வட்டம் திரவத்தில் நிற்கும். உள்மடிப்பு அதிகமுள்ள வட்டமும் கொஞ்சம் ஒட்டும். இழப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜே-2 ஆன்டிபாடி கொண்டு புள்ளி பிளாட் செய்து மிச்சம் உண்டா என்று பாருங்கள். மக்னீசியம் இல்லாமல், மைனஸ் 80 டிகிரியில், ஒரு முறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து வையுங்கள். உறைந்து உருகிய மாதிரியை மறுபடி ஜெல்லில் ஓட்டாமல் செல்லுக்குக் கொடுக்க வேண்டாம்.

செல் சோதனையில் ஒவ்வொரு படியிலிருந்தும் ஒரு பங்கு வைத்திருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே எடையில் செலுத்துங்கள். எந்தப் படிக்குப் பிறகு இன்டர்ஃபெரான் விழுகிறது என்பதே குற்றவாளியைக் காட்டிவிடும். கூடவே கொழுப்புக் கலவை மட்டும் போட்ட குழி, மூன்று பாஸ்பேட் உள்ள சிறு கொண்டை ஆர்.என்.ஏ போட்ட குழி, ரிக்-ஐ நீக்கிய ஏ-549 மூன்றும் வேண்டும். 6 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் இன்டர்ஃபெரான் பீட்டா, சி.சி.எல்-5, ரிக்-ஐ அளவுகளை எடுங்கள். மேக்ரோஃபேஜ் செல்களுக்குக் கொண்டுபோகும் முன் எண்டோடாக்சின் அளந்துவிடுங்கள், பாக்டீரியாவில் வளர்த்த பிளாஸ்மிட்டிலிருந்து வந்திருக்கும்.

ஏ-549-இல் கேட்கும் சத்தம் பிடிக்கவில்லை என்று செல்லை மாற்றிவிடாதீர்கள். ஹியூ-7.5 செல்லில் ரிக்-ஐ ஒரு மாற்றத்தால் செயலிழந்தது. ஹெச்.இ.கே-293டி-யில் ரிக்-ஐ உண்டு, ஆனால் டி.எல்.ஆர்-3, 7, 8 பாதைகளும் சி-காஸ், ஸ்டிங் பாதையும் அநேகமாக இல்லை. அங்கே கிடைக்கும் அமைதியை வைத்து உங்கள் வட்டம் சுத்தமானது என்று எழுதினால், மதிப்பீட்டாளர் முதல் கேள்வியிலேயே திருப்பி அனுப்புவார்.